மார்ச் விடுமுறையில் பனிச்சறுக்கு: பிரெக்கென்ரிட்ஜா, பார்க் சிட்டியா? அம்மாவும் வருகிறார்

இர்விங்_இட்லி | நவம்பர் 8

வணக்கம் மக்களே. டாலஸ் பக்கம் இருக்கிறோம். பள்ளி வசந்த விடுமுறை மார்ச் நடுவில் ஒரே வாரம்தான், அதை நகர்த்த வழியில்லை. நான் இதுவரை மூன்று தடவை சறுக்கியிருக்கிறேன். எளிதான பச்சைத் தடம் ஒழுங்காக வரும், அதைவிடக் கொஞ்சம் கடினமான நீலத் தடத்தில் பாதி நின்றும் பாதி விழுந்தும் இறங்குவேன். மனைவிக்கு இதுதான் முதல் தடவை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மச்சான் ஹூஸ்டனிலிருந்து வருகிறான், அவனுக்கு ஒற்றைப் பலகையில் நின்று சறுக்குகிற ஸ்னோபோர்டு மட்டும்தான், ஸ்கீயைக் கையால் தொட மாட்டான். அதோடு அம்மா ஜனவரியில் கோவையிலிருந்து வருகிறார். 67 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பனியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்கிறார்.

ஆபீசில் எல்லாரும் கொலராடோவின் பிரெக்கென்ரிட்ஜ் என்கிறார்கள். மனைவியின் தோழி யூட்டாவின் பார்க் சிட்டிதான் என்று அடித்துச் சொல்கிறாள். 6 இரவு, அதில் 4 நாள் சறுக்கல். மார்ச் நடுவில் நல்ல பனி இருக்குமா, இல்லை சேறா? லிப்ட் டிக்கெட் இப்போதே எடுக்க வேண்டுமா, போய்க் கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாமா?

வாடகை_பூட்ஸ் | நவம்பர் 8

கடைசிக் கேள்விக்கு முதலில். கவுண்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வேல், பார்க் சிட்டி மாதிரி இடங்களில் கூட்டமான நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு. நான் ஒரு வருஷம் "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஜனவரி வரை இழுத்து, மார்ச்சில் நான்கு பேருக்குக் கவுண்டரில் கார்டைத் தேய்த்தவன். அந்த ரசீதை இன்னும் வீட்டில் காட்டவில்லை.

எபிக் டே பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 1 நாளிலிருந்து 7 நாள் வரை எத்தனை நாள் வேண்டுமோ அத்தனைக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம், நாள் கணக்கில் பார்த்தால் கவுண்டர் விலையில் பாதிகூட வராது. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தோடு கடையை மூடிவிடுவார்கள். வேறு மலைகளுக்கான ஐகான் பாஸும் டிசம்பரிலேயே முடியும். அதனால் உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்கூட இல்லை. பிரெக்கென்ரிட்ஜும் பார்க் சிட்டியும் இரண்டுமே எபிக்தான், எந்த மலை என்று முடிவாகாவிட்டாலும் பாஸை வாங்கிவிடுங்கள்.

டென்வர்_மாமி | நவம்பர் 9

பிரெக்கென்ரிட்ஜுக்கு என் ஓட்டு, 14 வருஷமாகப் போகிறேன். மார்ச் என்றால் வசந்தம் என்று காலண்டரில்தான் இருக்கும். கொலராடோவில் பனி அதிகமாகக் கொட்டுகிற மாதங்களில் மார்ச்சும் ஒன்று, உயரமும் அதிகம் என்பதால் மேலே பனி உலர்ந்தே கிடக்கும். இம்பீரியல் என்ற நாற்காலி லிப்ட் உங்களை 12,840 அடியில் கொண்டுபோய் விடும், வட அமெரிக்காவில் அதைவிட உயரத்துக்குப் போகிற நாற்காலி லிப்ட் கிடையாது. உங்களுக்கு அது வேண்டாம், மச்சானுக்குச் சொல்கிறேன். கற்றுக்கொள்பவர்களுக்கு 9-ஆம் சிகரத்தின் அடிவாரம் அகலமாக, சமமாக இருக்கும். ஊரிலிருந்து மேலே போகும் கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கும் பெட்டி, இலவசம். அம்மா கடைத்தெருவில் நடந்துகொண்டே பொழுதைப் போக்கலாம்.

ஒன்றே ஒன்று, சனிக்கிழமை காலை டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பாதீர்கள், ஞாயிறு மதியம் திரும்பாதீர்கள். இரண்டு மணி நேரப் பாதை நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். வாடகை வண்டி ஆல் வீல் டிரைவாக இருக்கட்டும், டயர் தேய்மானத்தையும் பார்த்து வாங்குங்கள். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை அந்தப் பாதையில் டயர் விதி உண்டு.

பனிப்பைத்தியம் | நவம்பர் 9

மாமி சொன்ன பனி விஷயம் சரி. ஆனால் கேள்வியில் 67 வயது அம்மா இருக்கிறார், அதை யாருமே பேசவில்லையே.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650. பிரெக்கென்ரிட்ஜ் ஊரே 9,600 அடி. அதாவது தொட்டபெட்டா உச்சிக்கு மேலே இன்னும் ஆயிரம் அடி ஏறி, அங்கே ரூம் போட்டு, ஆறு இரவு தூங்கச் சொல்கிறீர்கள். டாலஸ் கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு அடிகூடச் சரியாக இல்லை. காலையில் விமானம் ஏறி மதியம் அங்கே இறங்கினால் வயசானவர்களை விடுங்கள், மாரத்தான் ஓடுகிறவனுக்கே முதல் இரவு தலை பிளக்கும்.

நான் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன், ஊர்ப் பாசம் என்று சொன்னாலும் பரவாயில்லை. பள்ளத்தாக்கு 4,200 அடிதான். இங்கே தூங்கி, காலையில் மலைக்கு ஏறி, சாயங்காலம் இறங்கிவிடலாம். பார்க் சிட்டி 40 நிமிஷம், அடிவாரம் 6,900 அடி, ஊட்டியைவிடத் தாழ்வு. ஆல்ட்டா, ஸ்னோபேர்டு இரண்டும் இன்னொரு பக்கம், லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில். அங்கே சாலை திறந்திருந்தால் முக்கால் மணி நேரம். "திறந்திருந்தால்" என்பதைக் கவனிக்கவும்.

மச்சானிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: ஆல்ட்டாவிலும் டியர் வேலியிலும் ஸ்னோபோர்டை உள்ளே விட மாட்டார்கள். இன்றுவரை அதே பிடிவாதம். அவன் பலகையோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டென்வர்_மாமி | நவம்பர் 9

பயமுறுத்தாதே தம்பி. என் மாமியாரை 71 வயதில் பிரெக்கென்ரிட்ஜ் கூட்டிப்போனேன், ஒன்றும் ஆகவில்லை. டென்வரில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மெதுவாக ஏறினோம், அவ்வளவுதான். உங்கள் பார்க் சிட்டி அடிவாரத்தில் மார்ச் நடுவில் மதியம் இரண்டு மணிக்கு என்ன இருக்கும் என்றும் சொல்லேன், பார்ப்போம்.

இரவுப்பணி | நவம்பர் 10

நர்ஸாக இருக்கிறேன், ஒரு மலை ஊரில் அவசரப் பிரிவில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்திருக்கிறேன். மாமி, உங்கள் மாமியாருக்கு ஆகவில்லை, சந்தோஷம். யாருக்கு உயர நோய் வரும் யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, உடம்பு திடமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 8,000 அடிக்கு மேல் தூங்கும்போதுதான் தொந்தரவு அதிகம். பகலில் மேலே போய்விட்டு இரவு கீழே வந்து படுப்பது எவ்வளவோ மேல். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரைக்கும் ஓய்வும் தண்ணீரும் போதும், அதற்கு மேல் ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவின் மருத்துவரிடம் கிளம்பும் முன்பே உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட வேண்டாம், பிரஷர் மாத்திரையோடு அது சேருமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கால்கரி_காகம் | நவம்பர் 10

கனடாப் பக்கத்தையும் ஒருக்கா யோசியுங்கோ. பான்ஃப் ஊர் 1,383 மீட்டர்தான், அங்கே படுத்துப் போட்டு விடிய சன்ஷைன் வில்லேஜுக்குப் போகலாம், மேல் உச்சி 2,730 மீட்டர். மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வரைக்கும் திறந்திருக்கும், எங்கட ஆட்கள் ஏப்ரல் கடைசியில்தான் போவம். கண்டப் பிரிகோட்டின் மேலேயே சறுக்கலாம், ஒரு லிப்டில் ஏறினால் அல்பேர்ட்டாவில் தொடங்கி பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தொட்டுப் போட்டு வருவீங்கள். அதோடு கனேடியன் டொலர்.

இர்விங்_இட்லி | நவம்பர் 10

ஆசைதான் அண்ணா, ஆனால் எங்கள் எல்லாருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. கனடா விசா எடுக்க வேண்டும், திரும்பி உள்ளே வரும் தாள்களையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இந்த வருஷம் முடியாது.

அம்மாவுக்காகச் சால்ட் லேக் பக்கம் சாய்கிறேன். மாமி கேட்ட கேள்விக்குப் பைத்தியம் பதில் சொல்லவில்லையே? மதியம் இரண்டு மணிக்கு என்ன இருக்கும்?

பனிப்பைத்தியம் | நவம்பர் 10

கூழ் இருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதைப் புரிந்துகொண்டு போனால் வசந்தகாலம் மாதிரி வராது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிட்டு இறுகிவிடும். காலை 9 மணிக்கு லிப்ட் திறக்கும்போது அது சிமென்ட் தரை, ஸ்கீ விளிம்பு உரசுகிற சத்தம் கரும்பலகையில் நகம் கீறுவது போலக் கேட்கும். 10, 10:30 வாக்கில் வெயில் பட்ட சரிவில் மேலே ஓர் அங்குலம் மட்டும் இளகும். பல நாள் உருகி உறைந்து உருகி உறைந்து அதன் பரல்கள் உருண்டையாகியிருக்கும், கையில் அள்ளினால் உதிரும். இதைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள், சோளமாம், எனக்கு எப்போதும் பம்பாய் ரவைதான் ஞாபகம் வருகிறது. அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அடியில் கெட்டி, மேலே மெத்தை. கத்துக்குட்டிகூட நீலத் தடத்தில் ராஜா மாதிரி இறங்கலாம். அப்புறம் வெயில் ஏற ஏறக் கூழாகிவிடும்.

இதில் சூட்சுமம், வெயில் எல்லாச் சரிவிலும் ஒரே நேரத்தில் படுவதில்லை. காலையில் கிழக்குச் சரிவு முதலில் பழுக்கும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்குச் சரிவு வெயிலை அதிகம் காணாது, அங்கே புதுப்பனி விழுந்தால் நாள் கணக்கில் உலர்ந்தே கிடக்கும். ஆகவே சூரியனோடு சேர்ந்து நீங்களும் மலையைச் சுற்ற வேண்டும். கீழே கூழாகிவிட்டால் மேலே போங்கள். இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி இறுகவே இறுகாது, மறுநாள் காலையிலிருந்தே கூழ்தான், அன்றைக்கு நன்றாகத் தூங்கிவிட்டு அம்மாவோடு ஊர் சுற்றுங்கள்.

மார்ச் நடுவில் குளிர்காலமும் வசந்தமும் ஒரே வாரத்தில் மாறி மாறி வரும். திங்கள் சட்டையோடு சறுக்கி, புதன் பனிப்புயலில் மாட்டுவது சகஜம்.

குடும்பத்துக்கு இப்படிச் செய்யுங்கள்: பார்க் சிட்டியில் கேன்யன்ஸ் பக்கம் போய், கொண்டோலாவில் ஏறி, மேலே இருக்கிற ஹை மெடோ பகுதியில் பழகச் சொல்லுங்கள். அடிவாரத்தைவிட அங்கே பனி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கூழில் மட்டும் கவனம். விழுந்தால் வலிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஈரப்பனி திடீரென்று ஸ்கீயைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னால் போகும், முழங்கால் திருகிக்கொள்ளும். கால் சோர்ந்த பிறகு "கடைசியாக ஒரு தடவை" என்று ஏறுகிற அந்தத் தடவையில்தான் எல்லாம் நடக்கும்.

டென்வர்_மாமி | நவம்பர் 11

பேச்சு மட்டும் நன்றாகப் பேசுகிறாய். சரி, சால்ட் லேக்கே போகட்டும். பெண்கள் சார்பில் நான் சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது. ஒரு காலுக்கு ஒரே ஒரு ஸ்கீ சாக்ஸ், குளிருமே என்று இரண்டு போட்டால்தான் ரத்த ஓட்டம் நின்று குளிரும். சன்ஸ்கிரீனை மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள். பனி, புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், வெயில் கீழேயிருந்தும் வரும். வாடகைக் கடையில் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்! விழும்போது பூட்ஸ் எவ்வளவு அழுத்தத்தில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை எடை, உயரம், வயது பார்த்துத்தான் திருகி வைப்பார்கள். நம்மவர்கள் 10 கிலோ குறைத்துச் சொல்லிவிட்டு அடிக்கடி கழல்கிறது என்று கடைக்காரனைத் திட்டுவார்கள்.

சமையலறை உள்ள வீடாக எடுங்கள், சின்ன குக்கர் கட்டாயம். பிரெக்கென்ரிட்ஜ் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டுவிட்டு நான் ஒரு சாயங்காலம் முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறேன். பள்ளத்தாக்கில் அவ்வளவு மோசமில்லை.

வாடகை_பூட்ஸ் | நவம்பர் 11

மாமி எடை பற்றிச் சொன்னது யாரையும் குறிப்பிட்டு அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

இர்விங்_இட்லி | நவம்பர் 29

முடிவு: சால்ட் லேக். ஊருக்குத் தெற்கே வீடு எடுத்தாயிற்று. நாங்கள் நால்வருக்கும் மச்சானுக்கும் 3 நாள் எபிக் டே பாஸ். நான்காவது நாள் நான் ஆல்ட்டா, மச்சான் பக்கத்திலேயே ஸ்னோபேர்டு, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்னோபேர்டு உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகிற டிராம் வேடிக்கை என்று திட்டம். டிராம் 11,000 அடிக்குப் போகிறது, அம்மாவை ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

இர்விங்_இட்லி | மார்ச் 23

போய் வந்தாயிற்று. சொன்னபடி அறிக்கை.

முதல் நாள் காலை 9 மணிக்கே போய்த் தொலைத்தோம், பைத்தியம் சொன்ன சிமென்ட் தரை அப்படியே இருந்தது. மகன் இரண்டு நிமிஷத்தில் மூன்று தடவை விழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டான். 10:45-க்கு யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி பனி இளகியது. அதே பையன் மதியம் என்னைத் தாண்டிப் போனான். பயிற்சி வகுப்பில் ஸ்கீயைப் பீட்சா துண்டு மாதிரி முன்பக்கம் குவித்து வை என்றார்களாம், இவனுக்கு அது புரிந்துவிட்டது, என் மனைவிக்குத்தான் இன்னும் பீட்சா வேகவில்லை.

மனைவியின் கதை வேறு. வாடகைக் கடையில் அவளுக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள், எங்களுக்கும் அது "வசதியாக இருக்கிறது" என்றுதான் பட்டது. உள்ளே கால் ஆடி ஆடி இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. முதல் தடவை போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். காலணி போல லூசாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு கடை, வேறு பூட்ஸ், வேறு மனுஷி.

இரண்டாம் நாள் ஹை மெடோ. 11 மணியிலிருந்து 12:30 வரை அந்த ரவை கிடைத்தது. வேறென்ன சொல்ல, நான் ஒரு நீலத் தடத்தில் நிற்காமல் இறங்கினேன்.

மூன்றாம் நாள்தான் ஆல்ட்டா என்று மாற்றி வைத்திருந்தோம், முந்தின ராத்திரி கொட்டித் தீர்த்துவிட்டது. விடிகாலையில் போனைப் பார்த்தால் பனிச்சரிவு அபாயம், வெடி வைத்துச் சரிக்கிறார்கள், சாலை மூடல். மேலே தங்கியிருந்தவர்களைக் கட்டடத்தை விட்டு வெளியே வரவே கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்களாம், அதற்கு இன்டர்லாட்ஜ் என்று பெயர். ஆல்ட்டா டிக்கெட் அவ்வளவுதான். ஸ்னோபேர்டுக்கு என்று பலகைக்கு மெழுகு பூசி வைத்திருந்த மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மதியம் சாலை தெளிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு யூட்டா ஒலிம்பிக் பூங்காவுக்குப் போனோம். 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் நம் சிவா கேசவன் லூஜ் என்ற சறுக்குவண்டி ஓட்டிய பனித்தடம் அங்கேதான் இருக்கிறது. 2034-இல் மறுபடி அதே ஊருக்கு ஒலிம்பிக் வருகிறது. சாயங்காலம் சவுத் ஜோர்டானில் பிள்ளையார் கோயில். அம்மாவுக்கு அன்றுதான் பயணத்திலேயே நல்ல நாள்.

டிராமில் அவரை ஏற்றவில்லை, மருத்துவர் யோசித்தார், நாங்களும் வற்புறுத்தவில்லை. மற்ற நாள்களில் கேன்யன்ஸ் அடிவாரத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவலிகூட இல்லை. கடைசி நாள் அவர் சொன்னது: "ஏறறதுக்கு மிஷின் வெச்சுட்டாங்க, உழுகறதுக்குப் போயி இத்தனை காசா கண்ணு?"

பனிப்பைத்தியம் | மார்ச் 23

ஆல்ட்டா கைநழுவிப் போனதற்கு மன்னிக்கவும். மூடின சாலை திறந்த மறுநாள் காலையில்தான் அங்கே சொர்க்கம் இருக்கும், நான் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன் என்பதை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

இர்விங்_இட்லி | மார்ச் 23

சொல்லியிருக்க வேண்டாம்.

கால்கரி_காகம் | மார்ச் 24

விசாவுக்கு இப்பவே விண்ணப்பியுங்கோ. அடுத்த வருஷம் பார்ப்பம்.

டென்வர்_மாமி | மார்ச் 24

அடுத்த சீசன் பாஸ் விற்பனையை மார்ச்சிலேயே தொடங்கிவிடுவார்கள், இப்போது இருப்பதுதான் குறைந்த விலை, பிறகு ஏறிக்கொண்டேதான் போகும். அதை முதலில் முடியுங்கள்.

பலகைக்கு மெழுகு பூசி வைத்த அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மே முதல் சனிக்கிழமை எங்கள் கொலராடோவின் அரபாஹோ பேசின் மலைக்குப் போகிறோம். வருஷத்தைப் பொறுத்து ஜூன் ஆரம்பம் வரைகூட அங்கே சறுக்கலாம், அடிவாரமே 10,780 அடி, ஸ்னோபோர்டுக்குத் தடையில்லை. பார்க்கிங் ஓரத்தில் நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, அதைக் கடற்கரை என்று கூப்பிடுவார்கள். வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது.

இர்விங்_இட்லி | மார்ச் 25

அம்மா ஏப்ரல் கடைசியில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். நானும் மச்சானும் வருகிறோம் மாமி, வெள்ளி ராத்திரியே டென்வர் வந்துவிடுவோம். இட்லி மாவும் குக்கரும் கொண்டு வரட்டுமா?

டென்வர்_மாமி | மார்ச் 25

அந்த உயரத்தில் இட்லி வெந்து முடிப்பதற்குள் லிப்டை நிறுத்திவிடுவார்கள். புளியோதரை கிளறி எடுத்து வாருங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், 6:15-க்கு வண்டி கிளம்பிவிடும்.